இருபதாவது பெயர்

ஜூன் 3

அன்புள்ள மாமாவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? ‘மூட்டுவலியா, எனக்கா’ என்று எழுதாதீர்கள். போன கடிதத்தில் உங்கள் எழுத்தே நொண்டியது.

இது பாதி அலுவல் கடிதம், பாதி வீட்டுக் கடிதம். நான் படித்த, நீங்கள் முப்பத்தொரு வருடமாக மணி அடிக்கும் அந்த ஆரம்பப் பள்ளியின் கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிட்டு, எல்லாரையும் பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள பெரிய பள்ளியில் சேர்த்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. ஆய்வறிக்கை எழுத வேண்டியவள் நான்.

பெரிய டீச்சர் வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டதாகவும், படிவம், பதிவேடு எல்லாவற்றையும் நீங்கள்தான் எழுதித் தருவதாகவும் கேள்விப்பட்டேன். ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இரண்டே கட்டம். இடது பக்கம் ‘பள்ளியின் நிறைகள்’, வலது பக்கம் ‘மேம்படுத்த வேண்டியவை’. கூடவே வருகைப் பட்டியலின் நகலையும் அனுப்புங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் மாமா. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நீங்கள் பாம்பு என்றால் நான் கயிறு என்று எடுத்துக்கொண்டு வளர்ந்தவள். அலுவலகம் அப்படி எடுத்துக்கொள்ளாது.

அன்புடன்,
உங்கள் அக்காள் மகள்


ஜூன் 8

என் அக்காள் பெற்ற அதிகாரியே, அன்பு மருமகளே,

உன் கடிதத்தைப் பள்ளி முழுக்கப் படித்துக் காட்டினேன். “என் மருமக இப்ப ஆபீசர்” என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். சுவர்க் கடிகாரமே ஒரு நிமிடம் நின்று கேட்டது. மூட்டுவலி எனக்கு வரப் பயப்படும். நேற்றுத்தான் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று அடைப்பு எடுத்தேன். கீழே நின்ற பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

படிவம் முடிந்தது. இடது கட்டம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நிறை கேட்டிருந்தாய், ஒன்று விடாமல் நிறுத்துவிட்டேன். எப்போதோ மருத்துவப் பரிசோதனைக்கு வந்து திரும்பிப் போகாத அந்த இரும்பு எடை மேடையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். நாலாம் வகுப்பு உருண்டை முப்பத்தாறு கிலோ. ஒன்றாம் வகுப்பு இரட்டையர் கையைப் பிரிக்க முடியாததால் இருவரும் சேர்ந்து முப்பத்தொன்று. பெரிய டீச்சர் ஏற மறுத்துவிட்டார்கள்; கண்ணளவில் எழுபது போட்டிருக்கிறேன். பீரோ, கரும்பலகை, மணி எல்லாம் கணக்கில் உண்டு. இவ்வளவு நிறை உள்ள பள்ளி உன் அலுவலகத்தின் எல்லைக்குள் வேறு இருந்தால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

வலது கட்டம்தான் விளங்கவில்லை. மேலே படுத்த வேண்டியவை என்றால் என்ன? மாடியே இல்லாத பள்ளியில் எதை மேலே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது? கூரையே கீழே வந்து படுக்கப் பார்க்கிறது.

இனி சொல்வது உனக்கு மட்டும். பிள்ளைகள் பத்தொன்பது பேர்தான். ஒன்றே ஒன்று குறைகிறது. ஒன்றுக்காகவா ஒரு பள்ளியைப் பூட்டுவது? மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டேன். வயது எட்டு. பாதுகாவலர் நான். பெயர், உன் பெயர். வேறு பெயர் யோசிக்காமல் இல்லை. ஆனால் எனக்குத் தடுமாறாமல் எழுத வருவது இரண்டே பெயர், என்னுடையதும் உன்னுடையதும். எட்டு வயதில் நீதானே கடைசி பெஞ்சில் என்னை உட்காரவைத்து, விரலில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தாய்? பெரிய டீச்சர் பார்க்காமலே இடது கையால் கையெழுத்துப் போட்டார்கள். எடைக்கு நேரே மட்டும் ஒரு கோடு இழுத்துவிட்டேன். எடையில் பொய் சொல்ல மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உன் மாமா, இந்தப் பள்ளியின் முதுகெலும்பு (பெரிய டீச்சர் வாயாலேயே சொன்னது)


ஜூன் 14

மாமா,

படிவத்தைப் பார்த்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். நிறை என்றால் எடை இல்லை மாமா, நல்ல அம்சங்கள். பள்ளியில் எது நன்றாக இருக்கிறது, எதைச் சரிசெய்ய வேண்டும். கேள்வி அவ்வளவுதான். எழுபது கிலோ பெரிய டீச்சரை நான் எந்த அறிக்கையில் வைப்பது?

அப்புறம் இருபதாவது பெயருக்கு வந்தேன். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அறிக்கை எழுதுகிற அதிகாரியின் பெயர் பட்டியலில் எட்டு வயதுப் பிள்ளையாக! கண்ணில் பட்டால் உங்கள் வேலையும் போகும், என் வேலையும் போகும். திங்கட்கிழமை முதல் வேலையாக அதை அடித்துவிடுங்கள். பத்தொன்பது பேரை வைத்தே நான் வாதாடிப் பார்க்கிறேன். உண்மையான நல்லவற்றை எழுதி அனுப்புங்கள், அது போதும்.

எனக்கு ஒரு வாரமாக உடம்பு என்னவோ லேசாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. படி ஏறும்போது கால் பதிவது தெரியவில்லை, அவ்வளவுதான். வெயிலாக இருக்கும்.

கோபத்துடனும் அன்புடனும்,
மருமகள்


ஜூன் 20

அன்பு மருமகளே,

நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது உன் வழக்கம். இந்தக் கடிதத்தில் மட்டும் கழிக்காதே.

திங்கட்கிழமை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரிய டீச்சர் பெயர் கூப்பிட்டு முடிக்கட்டும், பிறகு பதிவேட்டை வாங்கி அடிக்கலாம் என்று வாசலில் நின்றேன். பத்தொன்பதும் முடிந்தது. இருபதாவதைப் படித்துவிட்டு டீச்சர் நெற்றியைச் சுருக்கி நிமிர்ந்தார்கள். “யாரு இது?” என்று கேட்க வாயெடுத்தார்கள். அதற்குள் ஒரு குரல் வந்தது.

“உள்ளேன் டீச்சர்.”

டீச்சர் ஒரு குறி போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஏதோ வாலு வேலை காட்டுகிறது என்று எல்லார் முகத்தையும் பார்த்தேன். ஒருவர் வாயும் அசைந்ததாகத் தெரியவில்லை. செவ்வாயும் அதே குரல். புதன்கிழமை மூன்றாவது பெஞ்சின் ஜன்னல் ஓரம் மற்ற பிள்ளைகள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். “ஏன்டா நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?” என்றால், “அவ இருக்கால்ல” என்கிறான் உருண்டை, நான்தான் குருடன் என்பதுபோல.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, நல்ல வெயிலில், எனக்கும் தெரிந்தாள். ஒரு பின்னல் கட்டியது, ஒரு பின்னல் அவிழ்ந்தது. வெள்ளைச் சட்டையில் இரண்டாவது பொத்தான் நீல நூலால் தைத்தது. என்னைப் பார்த்து, “மாமா, இன்னைக்கு மணி ரெண்டு நிமிஷம் லேட்டு” என்றாள்.

நானா பயப்படுவேன்? புலி வந்தால் டீ குடித்துவிட்டுப் போகச் சொல்கிறவன். ஆனாலும் வாளியைக் கீழே வைத்தது எனக்கு நினைவில்லை. பார்த்தபோது கால் நனைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தாள், தொண்டை ஏறி இறங்கியது. டம்ளரை வாங்கிப் பார்த்தால் தண்ணீர் அப்படியே இருந்தது. எடை மேடையில் ஏற்றினேன். முள் நடுங்கி நடுங்கி மூன்று கிலோவில் நின்றது.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் முன்னாலேயே அவள் பெயரை எப்படி அடிப்பது, கண்ணு?

உன் மாமா, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சேர்க்காமல்


ஜூன் 27

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளியைக் காப்பாற்ற நீங்கள் எந்தக் கதையும் கட்டுவீர்கள், தெரியும். ஆனால் அந்த நீல நூல். வெள்ளை நூல் கிடைக்காமல், அம்மா திட்டுவாளே என்று சாமான் அறைக்குள் உட்காரவைத்து நீங்கள் தைத்துக்கொடுத்தது. அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு நினைவிருப்பதே எனக்குத் தெரியாது.

இங்கே சில விஷயங்கள் நடக்கின்றன. அலுவலகக் கண்ணாடிக் கதவு ஆள் வந்தால் தானாகத் திறக்கும். எனக்குத் திறப்பதில்லை. பின்னால் யாராவது வரும்வரை நிற்கிறேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறேன், மாலையில் பார்த்தால் ‘வரவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். கேட்டால், “அட, நீங்க வந்திருந்தீங்களா மேடம்?” என்கிறார்கள், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

உடைகளெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. மருந்துக்கடையில் ஏறி நின்றேன். ஐம்பத்தொன்று. போன மாதம் ஐம்பத்துநான்கு. மூன்று கிலோ குறைவு.

சும்மா எழுதுகிறேன். தற்செயலாக இருக்கும்.

மருமகள்


ஜூலை 4

அன்பு மருமகளே,

ஒழுங்காகச் சாப்பிடு. உடம்பு இளைப்பது அதிகாரிகளுக்கு வருகிற வியாதி. நாற்காலி கொழுக்கும், ஆள் இளைப்பார்கள்.

இந்த முறை படிவத்தை நீ சொன்னபடி எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். நிறைகள்: இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும், யாரும் சொல்லாமலே. ஒரு பிள்ளை வரவில்லை என்றால் பெரிய டீச்சர் கட்டுப்போட்ட கையோடு வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். ஒருவரும் அடி வாங்கியதில்லை. எல்லார் வீட்டு விஷயமும் எல்லாருக்கும் தெரியும். மேம்படுத்த வேண்டியவை: கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருவர் போனால் ஒருவர் காவல். வாசிப்புப் புத்தகம் மூன்றுதான், அதில் ஒன்றுக்குக் கடைசிப் பக்கம் இல்லாததால் கதை தினமும் வேறு மாதிரி முடிகிறது, முடிப்பது நான். கூரை. பிறகு மணி அடிப்பவன், வாய் அதிகம்.

அவள் வந்த பிறகு பள்ளி எப்படி இருக்கிறது தெரியுமா! வாய்ப்பாட்டை அவள் தொடங்கினால் இருபதும் ஒரே குரலாகப் பாடுகிறது. பெரிய டீச்சர் சிரித்ததை நான் பார்த்து வருடங்கள் ஆயிற்று, இப்போது தினம் சிரிக்கிறார்கள். நாலு மணிக்கு எல்லாரும் போன பிறகு கடைசி பெஞ்சில் என்னை உட்காரவைக்கிறாள். “மாமா, ‘ற’வுக்கு வால் இவ்ளோ நீளமா?” என்று விரலில் அடிக்கிறாள். முதலில் இலை விழுந்தாற்போல் இருந்தது. இப்போது வலிக்கிறது. நேற்று நிறுத்தேன். ஒன்பது கிலோ!

அஞ்சு மணிக்குக் கேட்டைப் பூட்டத் திரும்புவேன். திரும்பிப் பார்த்தால் இருக்கமாட்டாள். எங்கே போகிறாள் என்று கேட்கவில்லை. காலையில் பெயர் கூப்பிட்டால் இருக்கிறாள்.

நீ இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை. அலுவல் இருக்கும்.

உன் மாமா, மூன்றாம் வகுப்பின் மூத்த மாணவன்


ஜூலை 11

மாமா,

நாற்பத்தைந்து.

உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாளே ஏறிப் பார்த்தேன். நீங்கள் எழுதிய ஒன்பதைக் கூட்டுங்கள். ஐம்பத்துநான்கு. போன முறையும் அப்படித்தான், மூன்றும் ஐம்பத்தொன்றும். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எடுத்தார். நோய் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, நான் எழுந்திருக்கும் முன்பே அடுத்த ஆளை என் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

நேற்றுக் காலை என் இடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி ஒரு கட்டுக் கோப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நாற்காலியில் வைப்பதாக நினைத்துக்கொண்டு. “அக்கா” என்று கூப்பிட்டேன். அவள் திரும்பி, ஜன்னலைச் சாத்தினாள்.

இன்னொன்று. எழுதப் பயமாக இருக்கிறது. மூன்றாவது பெஞ்சு ஜன்னல் வழியாக என்ன தெரியும் என்று யோசித்தேன். தெரியவில்லை. சாமான் அறையின் வாசனை தெரியவில்லை. நீல நூலை நான் உங்களுக்கு எழுதிய கடித நகலில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதெல்லாம் என்னிடமிருந்து அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று புரிகிறது. உங்களுக்கும் அவளோடு சந்தோஷம் என்று புரிகிறது. நான் வராமல் இருந்தது தப்புத்தான். ஆனால் மாமா, ஒருத்தி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ‘உள்ளேன்’ சொல்ல முடியாது. பெயரை அடியுங்கள். அதிகாரியாகச் சொல்லவில்லை. உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

மருமகள்


ஜூலை 18

மருமகளே,

அடித்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேனாவோடு போனேன். பெரிய டீச்சர் பதிவேட்டைத் தர மறுத்துவிட்டார்கள். “இஷ்டத்துக்குப் பேரை அடிக்க முடியாது. டி.சி. எழுதணும், பாதுகாவலர் கையெழுத்துப் போடணும், பிள்ளை கையில வாங்கிட்டுப் போகணும். நல்லாப் படிக்கிற பிள்ளைய எதுக்கு அனுப்புறீங்க?” என்றார்கள். டீச்சர் மேசையில், திறந்து கிடந்த பதிவேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாற்றுச் சான்றிதழ் தாளை எடுத்து நானே எழுதினேன்.

‘விலகும் காரணம்’ என்று ஒரு கட்டம். அதற்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

“எந்த ஸ்கூலுக்கு மாமா?”

கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருக்கிறவன் நான், உனக்குத் தெரியும். கடல் தாண்டி ஒரு பள்ளி, மாடி மாடியாக இருக்கும், புத்தகம் கூரைவரை அடுக்கியிருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது. உன் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பவளிடம் சொல்ல முடியவில்லை.

“எந்த ஸ்கூலுக்கும் இல்லம்மா. உன் பேரை நான் தப்பா எழுதிட்டேன்.”

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, விரல் வைத்துப் படித்தாள். “எழுத்தெல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“எழுத்து சரிதான். ஆளு வேற இடத்துல இருக்கா. அவளுக்கு முடியல.”

பதிவேட்டை என் பக்கமே திருப்பித் தள்ளினாள். அழவில்லை. பிறகு தாளில் கீழே ஒரு கோட்டைக் காட்டினாள். “இங்க மாமா. கோட்டு மேல போடுங்க, கீழ இறங்காம.” போட்டேன். இறங்காமல்தான் போட்டேன், பதிவேட்டில் பெயரையும் அடித்தேன்.

தாளை வாங்கினாள். மடிக்கக்கூட இல்லை. காலை பதினோரு மணி, மைதானம் முழுக்க வெயில். நடுவில் நடந்து போனாள். முதலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாதி தூரத்தில் சத்தம் நின்றுவிட்டது, ஆள் நடந்துகொண்டிருந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் தாள் மட்டும் போவதுபோல் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. உள்ளே வந்தால் மூன்றாவது பெஞ்சில் பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். உருண்டையிடம் கேட்டேன். “யாரு மாமா?” என்கிறான்.

பத்தொன்பதுதான். அறிக்கையில் அப்படியே எழுது. பள்ளி போனால் போகட்டும், எனக்கு வயதாகிவிட்டது.

உனக்கு இப்போது எவ்வளவு இருக்கிறது? வேறு எதுவும் எழுத வேண்டாம். ஒரே ஒரு எண்ணை எழுதிப் போடு. வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

மாமா


ஜூலை 29

பொருள்: ஆரம்பப் பள்ளி இணைப்பு தொடர்பாக

ஐயா,

தங்கள் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பத்தொன்பது என உறுதி செய்யப்பட்டதால், வரும் மாத முதல் தேதியிலிருந்து அது பெரிய பள்ளியுடன் இணைக்கப்படுகிறது. தாங்கள் அனுப்பிய நிறைகளும் மேம்படுத்த வேண்டியவையும் கொண்ட படிவம் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. மனதோடு எழுதப்பட்டிருந்தது; ஆனாலும் முடிவை மாற்ற முடியாமல் போனதற்கு வருந்துகிறேன். கட்டடச் சாவிகளைத் தபாலில் அனுப்பிவைக்கவும்.

தங்கள் 18ஆம் தேதிக் கடிதம் இந்த அலுவலகத்துக்குத் தவறி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதில் அடித்துவிட்டதாகச் சொல்லும் இருபதாவது பெயர் எங்களிடமுள்ள எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் அந்தப் பள்ளியைப் பார்த்ததும் இல்லை. ஆனால் என் உடல்நலத்தை யாரோ விசாரிப்பதுபோல் இருந்ததால் பதில் எழுதத் தோன்றியது. நலமாக இருக்கிறேன். ஒரு மாதத்துக்கும் மேலாக ஏதோ அசதி, இப்போது முழுக்கத் தேறிவிட்டேன். தாங்கள் கேட்ட எண் ஐம்பத்துநான்கு.

காலம்சென்ற என் தாயாருக்கு ஒரு தம்பி உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; சந்தித்ததில்லை. என்னை மருமகள் என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன். அவர் தாங்களாக இருந்தால் தயங்காமல் தெரிவிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
ஆய்வு அலுவலர்


ஆகஸ்ட் 3

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. சாவிகள் ஐந்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்தாவது எந்தப் பூட்டுக்கென்று எனக்கே தெரியாது. பெரிய பள்ளியில் ஒன்றாம் வகுப்பு இரட்டையரை ஒரே பெஞ்சில் உட்காரவைக்கச் சொல்லவும். பிரித்தால் அழுவார்கள்.

தாங்கள் கேட்ட மற்ற விஷயம். அது நான் இல்லை. எனக்கு உடன்பிறந்தவர் யாரும் கிடையாது. பெரிய அதிகாரி என்று யாரைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் ‘என் மருமகள்’ என்று சொல்லிக்கொண்டு திரிவது என் வழக்கம். இங்கே யாரை விசாரித்தாலும், அந்த ஆள் வாயைத் திறந்தால் கதைதான் என்று சொல்வார்கள். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தாங்கள் தேறிவிட்டது அறிந்து மகிழ்ச்சி. ஐம்பத்துநான்கு ஐம்பத்துநான்காகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அலுவலக உதவியாளர், ஓய்வு